பாயில் விதிச் செய்முறைக் கருவி: நல்ல சிரிஞ்ச், நல்ல மானி, திருத்த வேண்டிய கையேடு

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு வாயு விதிகளைக் கரும்பலகையில் மட்டும் நடத்தி முடிப்பது எனக்கு எப்போதுமே மனக்குறையாக இருந்ததால், இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் பாயில் விதியைச் செய்து பார்க்கும் சிறு கருவித் தொகுப்பு ஒன்றை எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கினோம். வெப்பநிலை மாறாதவரை, மூடிய வாயுவின் அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கி வரும் எண் மாறாது என்பதே அந்த விதி. தொகுப்பின் விலை 2,600 ரூபாய். 60 மில்லிலிட்டர் சிரிஞ்ச், அதன் பிஸ்டனைத் தள்ளும் திருகுதண்டு பொருத்திய மரத் தாங்கி, கெட்டியான சிறு குழாய், வட்ட முகப்புள்ள அழுத்தமானி, எட்டுப் பக்கக் கையேடு ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. நான்கு குழுக்களாகப் பிரிந்த மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். கருவியைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் அழுத்தத்தை எங்கிருந்து தொடங்கி அளக்கிறோம் என்பதைப் பற்றி மானியின் முகப்பும் கையேடும் ஒரு சொல்கூடச் சொல்லாமல் விட்டிருப்பதால், வாங்கப்போகும் ஆசிரியர்கள் சில செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் கட்டமைப்பு. சிரிஞ்சின் அளவுக்கோடுகள் தெளிவாக இருக்கின்றன. ஒரு பருவம் கைபட்டும் அழியவில்லை. திருகுதண்டு இருப்பதால் பிஸ்டனை வேண்டிய இடத்தில் நிறுத்திவைக்க முடிகிறது. இது சிறிய வசதி போலத் தோன்றலாம். ஆனால் 60 மில்லிலிட்டர் காற்றை 20-க்கு நெருக்கும்போது பிஸ்டன் ஏறத்தாழ பத்துக் கிலோ எடையின் விசையோடு திருப்பித் தள்ளுகிறது என்பதால், வெறுங்கையால் அழுத்திப் பிடிக்கும் மலிவான தொகுப்புகளில் மாணவர்களின் கை நடுங்கி முள்ளும் நடுங்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. 20 மில்லிலிட்டரில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்துப் பார்த்தபோது முள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கவில்லை. இணைப்புகளில் கசிவு இல்லை என்று இதை வைத்தே சொல்லலாம். ஒவ்வொரு முறை நெருக்கிய பின்னும் ஒரு நிமிடம் காத்திருந்து அளவெடுக்க வேண்டும், ஏனென்றால் நெருக்கப்படும் காற்று சற்றே சூடாகி, பிறகு அறை வெப்பநிலைக்குத் திரும்புகிறது. கையேடு இதைக் குறிப்பிட்டிருக்கிறது, பாராட்டுகிறேன்.

இனி மானி. வெளிவட்டத்தில் கருப்பு நிறத்தில் கி.கி/செ.மீ², உள்வட்டத்தில் சிவப்பு நிறத்தில் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. கருப்பு அளவுகோல் 2.5 வரை செல்கிறது. ஒவ்வொரு சிறு கோடும் 0.05. கண்ணைக் கூர்மையாக வைத்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவிலும் மதிப்பிடலாம். இந்த விலைக்கு இது நல்ல மானிதான். முகப்பில் இல்லாதது ஒன்றே ஒன்று: இது கேஜ் அழுத்தமா (வளிமண்டலத்துக்கு மேலுள்ளது மட்டும்), மொத்த அழுத்தமா (வெற்றிடத்திலிருந்து அளப்பது) என்ற குறிப்பு. தொழிற்சாலை மானிகளில் பிஎஸ்ஐ என்பதன் பின்னால் ஜி (கேஜ்) அல்லது ஏ (மொத்தம்) என்று ஓரெழுத்து சேர்த்திருப்பார்கள். அந்த ஓரெழுத்து இங்கே இல்லை.

அது இல்லாததன் விளைவு முதல் நாளே தெரிந்துவிட்டது. பிஸ்டனை 60-ல் வைத்துக் குழாயை மானியோடு இணைத்து, முதல் அளவைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு மாணவி எழுதாமல் நின்றாள். "மிஸ், முள்ளு பூஜ்ஜியத்துலதான் நிக்குது. அப்போ உள்ள காத்தே இல்லையா?" என்று கேட்டாள். அந்த வகுப்பில் அன்று கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். உள்ளே 60 மில்லிலிட்டர் காற்று இருக்கிறது, அந்தக் காற்று சுற்றியுள்ள வளிமண்டலத்தின் அதே அழுத்தத்தில் இருக்கிறது, அப்படியிருந்தும் முள் பூஜ்ஜியம் என்கிறது. காரணம் மானியின் உள்ளமைப்பில் இருக்கிறது. இவ்வகை மானி 1849-ல் பிரான்சில் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற வடிவம்: வளைந்த தட்டைக் குழாய் ஒன்று, உள்ளே அழுத்தம் கூடும்போது நிமிரப் பார்க்கிறது, அந்த அசைவு முள்ளுக்குப் போகிறது. அந்த வளைகுழாயின் உட்புறத்தில் நாம் அளக்கும் வாயு இருக்கிறது, வெளிப்புறத்தில் அறைக் காற்று இருக்கிறது. ஆகவே முள் காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. டயர் கடையில் முன் சக்கரத்துக்கு 30 வைக்கச் சொல்கிறோமே, அதுவும் வளிமண்டலத்துக்கு மேலே 30 பிஎஸ்ஐ என்பதுதான். காற்று முழுவதும் இறங்கிய டயரிலும் 14.7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று இருக்கவே செய்கிறது.

கையேடு இதைக் கண்டுகொள்ளாமல், முள் காட்டும் எண்ணைக் கன அளவால் பெருக்கினால் மாறிலி கிடைக்கும் என்று எழுதியிருக்கிறது. எங்கள் மாணவர்கள் எடுத்த அளவுகளையே தருகிறேன். கன அளவு 50 மில்லிலிட்டராக இருந்தபோது முள் 0.20, 40-ல் 0.49, 30-ல் 0.97, 20-ல் 1.87. கையேடு சொன்னபடி பெருக்கினால் 10, 19.6, 29.1, 37.4 என்று வருகிறது. மாறிலியாக இருக்க வேண்டியது ஒவ்வொரு படியிலும் ஏறிக்கொண்டே போகிறது. அன்று வளிமண்டல அழுத்தம் என்ன என்று பார்க்க இயற்பியல் ஆய்வகத்தின் ஃபோர்டின் பாரமானியைப் படித்தோம்: 75.8 செ.மீ. பாதரசம். எங்கள் ஊர் கடலோரம் என்பதால் எதிர்பார்த்த அளவுதான். இதைக் கருப்பு அளவுகோலின் அலகுக்கு மாற்றினால் 1.03 கி.கி/செ.மீ². ஒவ்வொரு அளவோடும் 1.03-ஐக் கூட்டியபின் பெருக்கினால் 61.5, 60.8, 60.0, 58.0. ஏற்றம் நின்றுவிட்டது, ஆனால் மெல்லிய இறக்கம் ஒன்று மிஞ்சியது. அதற்குக் காரணம் குழாய். சிரிஞ்சுக்கும் மானிக்கும் நடுவே உள்ள குழாயிலும் இணைப்பிலும் இருக்கும் காற்றை நாம் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றைக் கழற்றி நீர் நிரப்பி, அந்த நீரை அளந்து பார்த்தபோது சுமார் 2 மில்லிலிட்டர் வந்தது. கன அளவிலும் அந்த 2-ஐக் கூட்டியதும் நான்கு பெருக்குத்தொகைகளும் 64-ஐ ஒட்டியே நின்றன. மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் அந்த நாலாவது எண்ணைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

இங்கே ராபர்ட் பாயிலையே நினைவுகூர வேண்டும். ஒருபுறம் மூடிய வளைகுழாயில் பாதரசம் ஊற்றி அவர் எடுத்த அளவுகளின் அட்டவணை 1662-ல் வெளிவந்தது. அந்த அட்டவணையில் பாதரச மட்டங்களின் வித்தியாசத்துக்கு ஒரு பத்தி, அதற்கு அடுத்து 29⅛ அங்குலம் என்ற ஒரே எண்ணுக்கு ஒரு பத்தி, இரண்டையும் கூட்டிய மொத்தத்துக்கு மூன்றாவது பத்தி என்று பிரித்து எழுதியிருக்கிறார். அந்த 29⅛ அங்குலம்தான் வளிமண்டலம். காற்று 48 பிரிவுகளை நிரப்பியிருந்தபோது மட்ட வித்தியாசம் பூஜ்ஜியம், எங்கள் மாணவி பார்த்த அதே பூஜ்ஜியம். ஆனால் பாயில் அந்த வரிசையில் மொத்த அழுத்தம் என்று எழுதியது 29⅛. காற்று பாதியாகி 24 பிரிவுகளுக்குச் சுருங்கியபோது வித்தியாசம் 29 11/16 அங்குலம், மொத்தம் 58 13/16. பாதிக் கன அளவுக்கு ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தம் என்பது மூன்றாவது பத்தியில் மட்டுமே தெரியும். முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர் தனிப் பத்தி ஒதுக்கி எழுதிய ஒன்றை, அவர் பெயரைத் தாங்கிய கருவியின் கையேடு விட்டுவிட்டிருக்கிறது என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். பாயில் அங்குலத்தில் அளந்தார், பாஸ்கல் என்ற அலகுப் பெயர் 1971-ல்தான் அதிகாரபூர்வமாக வந்தது. விதி எந்த அலகிலும் சரியாகவே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அலகு இருக்க வேண்டும், அந்த அலகின் எண்ணிக்கை வெற்றிடத்திலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவே.

கையேட்டின் இரண்டாம் பகுதி, சிரிஞ்சுக்குள் எத்தனை மோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கொண்டு வாயுவின் அளவைச் சொல்லும் அலகு) காற்று இருக்கிறது என்று நல்லியல்பு வாயுச் சமன்பாட்டால் (அழுத்தம் × கன அளவு = மோல் எண்ணிக்கை × வாயு மாறிலி × வெப்பநிலை) கணக்கிடச் சொல்கிறது. யோசனை அருமை. ஆனால் தரப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டில் முள் காட்டும் கி.கி/செ.மீ² எண்ணை அப்படியே அட்மாஸ்பியர் என்று வைத்துக்கொண்டு, வாயு மாறிலியை 0.0821 என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு அலகுகளும் நெருங்கியவைதாம். 1 அட்மாஸ்பியர் 1.033 கி.கி/செ.மீ². அந்த மூன்று சதவீத வித்தியாசத்தைக்கூட மன்னித்துவிடலாம். பெரும் பிழை மறுபடியும் பூஜ்ஜியத்தில்தான் இருக்கிறது. அறை வெப்பநிலை 30 டிகிரி, அதாவது 303 கெல்வின். கையேட்டின் வழியில் கணக்கிட்டால் 50 மில்லிலிட்டரில் 0.0004 மோல், 30-ல் 0.0012 மோல், 20-ல் 0.0015 மோல். மூடிய சிரிஞ்சுக்குள் பிஸ்டனைத் தள்ளத் தள்ளக் காற்று பெருகிக்கொண்டே போகிறது என்று ஆகிறது. சரியான வழியில் செய்தால் எல்லா நிலைகளிலும் 0.0025 மோல்தான் வருகிறது. விடை சரியா தவறா என்று புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டாமலே, மூடிய குழாயில் மோல் எண்ணிக்கை மாறலாமா என்ற ஒரே கேள்வியால் தம் பிழையைத் தாமே பிடிக்க மாணவர்களுக்கு இந்தக் கணக்கு நல்ல பயிற்சி.

வாயு மாறிலியைப் பொறுத்தவரை என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன். பள்ளிக் கணக்குகளுக்கு அழுத்தத்தைக் கிலோபாஸ்கலிலும் கன அளவை லிட்டரிலும் வைத்துக்கொண்டு 8.314-ஐப் பயன்படுத்துவதே சிக்கல் குறைந்த வழி. ஆயிரம் பாஸ்கலை ஒரு கனமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கால் பெருக்கும்போது இரண்டு ஆயிரங்களும் அடிபட்டுப்போவதால், ஒரு கிலோபாஸ்கல் லிட்டர் என்பது சரியாக ஒரு ஜூல். ஆகவே கனமீட்டருக்கு மாற்றி, பத்தின் அடுக்குகளில் தடுமாற வேண்டியதில்லை. எங்கள் 30 மில்லிலிட்டர் அளவை எடுத்துக்கொண்டால், மொத்த அழுத்தம் 2.00 கி.கி/செ.மீ² என்பது 196 கிலோபாஸ்கல், குழாயையும் சேர்த்த கன அளவு 0.032 லிட்டர், பெருக்கினால் 6.27 ஜூல், அதை 8.314-ஆலும் 303-ஆலும் வகுத்தால் 0.0025. அட்மாஸ்பியரும் லிட்டரும் என்றால் 0.0821, பாரும் (100 கிலோபாஸ்கல்) லிட்டரும் என்றால் 0.0831, மி.மீ. பாதரசமும் லிட்டரும் என்றால் 62.4. மாறிலி ஒன்றே, அழுத்த அலகு மாறும்போது எண் மட்டும் மாறுகிறது. அழுத்தத்தை அட்மாஸ்பியரில் வைத்துவிட்டு 8.314-ஐப் போட்டால் விடை நூற்றொரு மடங்கு குறைந்துபோகும். விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மாறிலியின் இந்த நான்கு மதிப்புகளும் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன, ஆனால் அவற்றின் அலகுகள் இல்லை. அலகில்லாத நான்கு எண்களில் எதை எடுப்பது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

அதே சமயம், எதற்கெடுத்தாலும் பாஸ்கலுக்கு மாற்று என்று மாணவர்களை விரட்டுவதும் தேவையற்றது. தொடக்க நிலையும் இறுதி நிலையும் கொடுத்து, விகிதத்தால் மட்டும் விடை காணும் கணக்கில் இரண்டு அழுத்தங்களும் மி.மீ. பாதரசத்தில் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், அலகு மேலும் கீழும் அடிபட்டுப்போகும். அடிபட்டுப்போகாத இடங்கள்தான் கவனத்துக்குரியவை: வாயு மாறிலி நுழையும் இடம், கூட்டலும் கழித்தலும் வரும் இடம். கையேட்டின் பயிற்சிக் கணக்கு ஒன்று இரண்டாவதற்கு நல்ல சான்று. நீரின் மேல் சேகரித்த வாயுவின் மொத்த அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் 101 என்று தந்துவிட்டு, 30 டிகிரியில் நீராவி அழுத்தத்தை 31.8 மி.மீ. என்று தந்திருக்கிறார்கள். அவசரத்தில் கழித்தால் 69 என்று வரும், 31.8 மி.மீ. என்பது 4.24 கிலோபாஸ்கல் என்று மாற்றிக் கழித்தால்தான் 96.8 கிலோபாஸ்கல் என்ற சரியான விடை. இந்தக் கணக்கை வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தால் மிக நல்ல கணக்கு. ஆனால் தரப்பட்டுள்ள விடை 69 என்பதால் அப்படி நினைக்க இடமில்லை. இன்னொரு பக்கத்தில் திட்ட அழுத்தம் 1 பார் என்றும், அதில் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்றும் எழுதியிருக்கிறது. 22.4 என்பது 0 டிகிரியில் 1 அட்மாஸ்பியருக்கு உரியது. பன்னாட்டு வேதியியல் ஒன்றியமான ஐயூபேக் 1982-ல் திட்ட அழுத்தத்தை 1 பாருக்கு மாற்றியபின் அதற்குரிய எண் 22.7.

சிவப்பு அளவுகோலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மானியின் முள் அகலமாக இருப்பதால் சில இடங்களில் கருப்பு எண்ணை மறைத்துக்கொண்டு சிவப்பு எண்ணையே முன்னே காட்டுகிறது. எங்கள் மூன்றாவது குழு முதல் இரண்டு அளவுகளை 0.20, 0.49 என்று எழுதிவிட்டு, மூன்றாவதை 13.8 என்று எழுதியிருந்தது. வரைபடத்தில் அந்தப் புள்ளி தாளுக்கு வெளியே போனபோதுதான் கவனித்தார்கள். அடுத்த வகுப்பிலிருந்து அளவெடுக்கும் முன்பே அட்டவணையின் தலைப்பில் அலகை எழுதிவிட வேண்டும், எழுதாத குழு பிஸ்டனைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். நீங்கள் விரும்பினால் சிவப்பு வட்டத்தின் மேல் மெல்லிய வெள்ளைத்தாள் வளையம் ஒட்டிவிடலாம். முகப்புக் கண்ணாடி எளிதாகக் கழல்கிறது.

மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு இன்னொரு குறிப்பு. கேஜ் அளவோடு 1.03-ஐக் கூட்டுவது எங்களைப் போன்ற சமவெளி ஊர்களுக்கே பொருந்தும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 77 கிலோபாஸ்கல்தான், அதாவது 0.79 கி.கி/செ.மீ². அங்கே புத்தகத்திலுள்ள 101.3-ஐக் கூட்டினால், பூஜ்ஜியத்தை விட்டுவிட்ட பிழை போய் வேறொரு பிழை வந்து சேரும். ஆய்வகத்தில் பாரமானி இல்லையென்றால், அழுத்த உணரி உள்ள கைப்பேசிகளில் அந்த இடத்தின் அழுத்தத்தை நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம். அது ஹெக்டோபாஸ்கலில் காட்டும், பத்தால் வகுத்தால் கிலோபாஸ்கல்.

விற்பனையாளரிடம் தொலைபேசியில் இவற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், ஆனால் பல பள்ளிகள் வாங்கியும் இதுவரை யாரும் இப்படிச் சொல்லவில்லை என்றார். கையேட்டைத் திருத்துவது பற்றி உறுதி எதுவும் தரவில்லை. வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்கலாம் என்பேன். சிரிஞ்சும் தாங்கியும் மானியும் இந்த விலைக்கு மிகத் தகுதியானவை. கையேட்டை மட்டும் ஆசிரியர் மேசைக்குள் வைத்துவிட்டு, அளவெடுப்பதற்கான பக்கத்தை நீங்களே எழுதிக்கொடுங்கள். அதில் கேஜ் அளவு, வளிமண்டலம், மொத்தம் என்று மூன்று பத்திகள் இருக்கட்டும்.

கடைசியாக நாங்கள் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவியை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதனால்தான். வளிமண்டலத்தைக் கூட்டாமல், முள் காட்டிய எண்களையே நெட்டச்சில் வைத்து, குழாயையும் சேர்த்த கன அளவின் தலைகீழியைக் கிடையச்சில் வைத்து வரையச் சொன்னேன். நான்கு புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்தன. அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல், அதற்குக் கீழே இறங்கிச் சென்றது. கன அளவின் தலைகீழி பூஜ்ஜியம் என்றால் கன அளவு முடிவில்லாமல் விரிந்துவிட்டது என்று பொருள், அங்கே வாயுவுக்கு அழுத்தமே இருக்காது. அப்படியானால் கோடு நெட்டச்சைத் தொடும் இடம்தான் மானி காட்டியிருக்க வேண்டிய உண்மையான பூஜ்ஜியம். வரைபடத்தாளில் கீழே இடம் போதவில்லை. முதல் நாள் கேள்வி கேட்ட அதே மாணவி இன்னொரு தாளைக் கீழே ஒட்டி, அடிக்கோலை வைத்துக் கோட்டை நீட்டினாள். அது அச்சைத் தொட்ட இடம் −1.02-க்கும் −1.03-க்கும் நடுவில் இருந்தது. பக்கத்து அறைப் பாரமானியில் பாதரசம் 75.8-லேயே நின்றிருந்தது.